மூச்சைப் பாத்துக்கங்க

காற்றழுத்தத்தில் ஓடும் கருவியைப் பிரித்துப் பழுது பார்த்துப் பூட்டி முடித்ததும் முதல் காரியமாக என்ன செய்வீர்கள் என்று அன்றைக்குப் பயிற்சி வகுப்பில் உங்களைக் கேட்டேன். ஒருவர் சோப்புத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பேன் என்றார். இன்னொருவர் காதை வைத்துக் கேட்பேன் என்றார். மூலையில் நின்ற தம்பி, "கஸ்டமருக்கு போன் பண்ணுவேன் சார்" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தபோது, அந்தத் தம்பி சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது என்று பட்டது. என்ன, அவர் போன் பண்ணுவது பூட்டிய பிறகு. பிரிப்பதற்கு முன்னால் பண்ணியிருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த பட்டறை திருவண்ணாமலையில் அவலூர்பேட்டை ரோட்டில் இருந்தது. எழுபதுகளின் பிற்பாதி. மழை தொடர்ந்து ஏமாற்றிக்கொண்டிருந்த காலம். கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை போட்டவர்களும் நெல் போட்டவர்களும் கிணற்றுத் தண்ணீரைத் துரத்திக்கொண்டு கீழே கீழே போனார்கள். எங்கள் பக்கம் மண் கொஞ்சம்தான், அதற்கடியில் எல்லாம் பாறை. டிராக்டரோடு கம்ப்ரசரைக் கொண்டுவந்து கிணற்றோரம் நிறுத்தி, ரப்பர் குழாய் வழியாகக் காற்றை உள்ளே இறக்கி, டிரில்லால் பாறையில் துளை போட்டு, வெடிமருந்து வைத்து வெடிப்பார்கள். பாறையோடு மல்லுக்கட்டி டிரில் நொந்துபோனால் எங்களிடம் வரும்.

வருகிற டிரில்லில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வியாதி. உடம்பில் காற்று ஒழுகும். தலை, நடு உடம்பு, மூக்கு என்று மூன்று துண்டுகளை இரண்டு பக்கமும் நீள போல்ட் போட்டு இறுக்கிப் பிடித்திருப்பார்கள். பொருந்துகிற முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும், பாறையை அடிக்க வேண்டிய காற்று வெளியே போய்விடும். உடனே ஸ்பேனரை எடுத்து முறுக்குகிறவன்தான் இந்தத் தொழிலில் ஜாஸ்தி. ஒரு பக்கத்தை முறுக்கினால் மறுபக்கம் வாயைப் பிளக்கும், அதை முறுக்கினால் இது. கடைசியில் போல்ட் மாட்டுகிற காது உடைந்து கையோடு வரும். உங்களில் இரண்டு பேர் இப்போது தலையைக் குனிந்துகொள்கிறீர்கள், பார்த்தேன். பரவாயில்லை.

இந்த ஒழுகலை எங்கள் பட்டறையில் லீக் என்று சொல்ல மாட்டோம். மூச்சு என்போம். "தலைல மூச்சு வுடுது", "மூச்சு ஜாஸ்தியா கீது", "மூச்ச அடச்சாச்சு, எடுத்துக்கினு போவச் சொல்லு." இப்படித்தான் பேச்சு. நல்ல சொல்தான், ஒரு தப்பும் இல்லை. அந்தச் சொல்லால்தான் ஒருவர் சாகப் பார்த்தார்.

சம்பந்தம் என்று ஒருவர் எங்கள் வாடிக்கைக்காரர். கம்ப்ரசர் வண்டி வைத்திருந்தார். வாய் ஓயாமல் பேசுவார், கை அதைவிட வேகம். அவரிடம் டிரில் பிடிக்கிற ஆள் ஏழுமலை. நான் அதுவரை ஏழுமலையை நேரில் பார்த்ததில்லை, டிரில்லைத்தான் தெரியும். ஒருநாள் சம்பந்தம் அந்த டிரில்லைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"துள போட லேட் ஆவுது. கொஞ்சம் பாருங்க. ஏழுமல ஒண்ணே ஒண்ணு சொல்லி அனுப்பிச்சான். மூச்ச மட்டும் நல்லா பாத்துக்கச் சொன்னான்" என்றார்.

"பாத்துக்கறோம்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். பிரித்ததும் தெரிந்துவிட்டது. முகத்தில் ஒழுகியது கம்மி. பெரிய ஒழுகல் தலையில், காற்றைத் திறந்து மூடும் திருகு உட்காருகிற துளையில் இருந்தது. துளை தேய்ந்து கோணலாகிவிட்டது. அதனால் திருகை முழுதாக மூடினாலும் டிரில் சும்மா கிடக்காமல் பக்கவாட்டில் சீறிக்கொண்டே இருக்கும். அந்தத் துளையைப் பெரிதாக்கி, உள்ளே பித்தளை உறை அடித்து, திருகைப் புதிதாகக் கடைந்து உட்கார வைத்தேன். முகங்களைக் கண்ணாடிப் பலகைமேல் உராய்வுப் பசை போட்டுத் தேய்த்துச் சமமாக்கினேன். போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். காற்றைக் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தால் ஒரு குமிழி இல்லை. பட்டறையில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவ்வளவு சுத்தமான வேலை. இன்றைக்குக் கேட்டாலும் அதில் குறை சொல்ல விடமாட்டேன்.

எங்கள் முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். யார் டிரில்லைப் பூட்டினானோ அவன் கூடவே போய் முதல் துளையைப் பார்த்துவிட்டு வரவேண்டும். தொழில் பக்தி என்று நினைக்காதீர்கள். மறுநாள் வண்டிக்காரன் பட்டறை வாசலில் வந்து நின்று சண்டை பிடிப்பான், நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், அது அவருக்குப் பிடிக்காது. அவ்வளவுதான். வெயிலில் கிணறு கிணறாக அலைய வைக்கிறாரே என்று நாங்கள் அவரைத் திட்டாத நாள் கிடையாது. அந்த ஒருநாளோடு நான் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

சம்பந்தமும் நானும் டிரில்லை பஸ் கூரையில் போட்டுக் கீழ்பென்னாத்தூர் போய், அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்து அந்தக் கிணற்றுக்குப் போனோம். காலை வெயில் ஏறியிருந்தது. ஆழமான கிணறு. பாதி வரைக்கும் பாறையில் செதுக்கிய படி, அதற்குக் கீழே கயிறு. கல் ஏற்றுகிற இரும்புத் தொட்டி ஒன்று கப்பியில் தொங்கியது. அதை ஏற்றி இறக்குகிற கைச்சக்கரத்தின் பக்கத்தில் ஏழுமலையின் மனைவி மல்லிகா நின்றிருந்தாள். ஏழுமலை ஒல்லியான ஆள், மெதுவான பேச்சு. டிரில்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பளபளன்னு பண்ணிட்டீங்க ணா" என்றார். எனக்குக் குளிர்ந்துவிட்டது.

டிரில் எங்களிடம் இருந்தபோதே, முன்னால் போட்டு வைத்திருந்த துளைகளில் மருந்து வைத்து முந்தின சாயங்காலம் வெடித்திருந்தார்கள். மேலே இருந்து பார்த்தால் புகை எதுவும் தெரியவில்லை. ரப்பர் குழாயை டிரில்லில் மாட்டி, இரும்புத் தொட்டியில் வைத்துக் கீழே இறக்கினார்கள். அது தரை தட்டிய பிறகு சம்பந்தம் என்ஜினைக் கிளப்பினார். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூட அரைகுறையாகத்தான் கேட்டது.

ஏழுமலை இறங்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்தார்.

"எறங்கலையா?" என்றேன். எனக்கு முதல் துளையைப் பார்த்துவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"மொதல்ல அது கொஞ்ச நேரம் உள்ள இருக்கட்டும் ணா. அப்புறம் நான் போறேன்."

ஏதோ சாங்கியம் என்று நினைத்துக்கொண்டேன். கற்பூரம் காட்டிவிட்டு இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எலுமிச்சம்பழம் நசுக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இவர் டிரில்லை முன்னால் அனுப்புகிறார், அனுப்பட்டும் என்று விட்டுவிட்டேன். டீயை முடித்துவிட்டு அவர் கடப்பாறையை எடுத்துக்கொண்டு இறங்கினார். வெடித்த பிறகு முதல் வேலை, தளர்ந்த கல்லையெல்லாம் தட்டித் தள்ளுவது. அது முடிகிற வரைக்கும் டிரில் மூடியபடி சும்மாதான் கிடக்கும்.

மல்லிகா எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினாள்.

"மூச்ச ஜாஸ்தி பண்ணிட்டீங்களா ணா?"

"இன்னாம்மா?"

"மூச்சு! கொஞ்ச நாளா கம்மியா பூடுச்சு. உள்ள போனா தலவலி, தலவலினு வந்து படுத்துக்கும் அது. அதான் மூச்ச பாத்துக்கச் சொல்லி அனுப்பிச்சோம். இப்ப நல்லா வருதுங்களா?"

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவர் ஏன் டிரில்லை முன்னால் இறக்கினார், ஏன் வரப்பில் காத்திருந்தார் என்பதெல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. சாங்கியமும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் வெடிப்புகை தங்கியிருக்கிற கிணற்றில் சீறிக்கொண்டு கிடக்கிற டிரில்தான் அவருக்கு நல்ல காற்று. நாங்கள் வியாதி என்று சொன்னதை அவர் வைத்தியம் என்று வைத்திருந்தார். இரண்டு பேரும் அதற்கு மூச்சு என்றே பெயர் வைத்திருந்தோம். ஒரு குமிழிகூட வராமல் நான் அடைத்துவைத்த டிரில் கீழே பேசாமல் படுத்திருந்தது. அது பேசவில்லை என்பது இந்த என்ஜின் சத்தத்தில், கீழே இறங்கியவர் உள்பட, யாருக்கும் தெரியவில்லை.

"அடச்சுட்டேம்மா" என்றேன். அவளுக்குக் கேட்டதோ இல்லையோ, என் முகத்தைப் பார்த்தே ஓடினாள்.

எட்டிப் பார்த்தோம். ஏழுமலை ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் கடப்பாறை. தூங்குகிறவர் மாதிரி தலை தொங்கிக்கொண்டிருந்தது. மல்லிகா பெயர் சொல்லிக் கத்தினாள். கணவனைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். தலை நிமிரவில்லை.

இந்த இடத்தில்தான் தம்பிகளே, நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் நல்ல மனசு உள்ளவன் செய்யத் தோன்றுகிற எல்லாமே தப்பு.

சம்பந்தம் துண்டை எறிந்துவிட்டுப் படியில் இறங்கப் பாய்ந்தார். நான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"வுடுங்க! ஆளு உக்காந்துட்டான், தெரியல?"

"நீங்க போனா ரெண்டு பேரு உக்காருவீங்க. கீழ காத்து இல்ல!"

"அப்ப என்ஜின நிறுத்தறேன், கத்துனா கேக்கும்" என்று திமிறிக்கொண்டு என்ஜின் பக்கம் ஓடினார்.

"தொடாதீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் அவரே பயந்து நின்றுவிட்டார். கேட்டு என்ன ஆகப்போகிறது? கேட்கிற நிலையில் ஏழுமலை இல்லை. அந்தக் கணத்தில் உலகத்தில் எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், காற்று. அதை உண்டாக்குகிற மிஷினை நிறுத்துவதா?

கண் அந்த மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தது. கம்ப்ரசரில் காற்று நிறைகிற தொட்டிக்கு இரண்டு வாய் உண்டு, இரண்டு டிரில் ஓட்டுவதற்காக. சம்பந்தத்திடம் இருந்தது ஒரு டிரில்தான், இரண்டாவது வாய் மூடியே கிடந்தது. டிராக்டரின் பின்னால் இன்னொரு ரப்பர் குழாய் சுருட்டி வைத்திருந்தது. அதைக் காட்டினேன். சம்பந்தத்தின் கை வேகம் அன்றைக்குத்தான் பயன்பட்டது. நான் சொல்லி முடிப்பதற்குள் மாட்டிவிட்டார். மாட்டிய கையோடு திறக்கவும் போனார்.

அதையும் தடுத்தேன். முனையில் எதுவும் இல்லாத குழாயில் காற்றைத் திறந்துவிட்டால் அது சாட்டையாகச் சுழன்று அடிக்கும். கீழே மயங்கிக் கிடக்கிறவரின் மண்டையில் பட்டால் மூச்சு வந்தும் பிரயோசனம் இல்லை. டிரில்லைக் கீழே சரித்துவிட்டு அந்த இரும்புத் தொட்டியை அப்போதே மேலே ஏற்றி வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"தொட்டியில கட்டு. நல்லா இறுக்கிக் கட்டு. கல்லு ஒண்ணு போடு" என்றேன் மல்லிகாவிடம்.

அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் தினமும் கல் கட்டுகிற கை, முடிச்சு தப்பாமல் விழுந்தது. குழாயின் முனையைத் தொட்டியின் விளிம்பில் கட்டி, கனத்துக்கு ஒரு கல்லைப் போட்டு, சக்கரத்தைச் சுற்றி இறக்கினாள். அவசரப்படவில்லை. அவசரப்பட்டுச் சக்கரத்தை விட்டிருந்தால் தொட்டி அவர் தலையில் போய் விழுந்திருக்கும். அவளால் எப்படி நிதானமாகச் சுற்ற முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தொட்டி தரை தட்டியது. நான் கம்ப்ரசரின் இரண்டாவது வாயைக் கொஞ்சமாகத் திறந்தேன், குழாய் முறுக்கிக்கொண்டு அடங்கியது, இன்னும் கொஞ்சம் திறந்தேன், அப்புறம் முழுக்க.

கிணற்றிலிருந்து தூசி கிளம்பியது. பாறைத் தூசியும் கரிந்த மருந்தின் நாற்றமும் சேர்ந்து எங்கள் முகத்துக்கு வந்தன. கண் எரிந்தது. அந்த எரிச்சலைப் போல ஒரு சந்தோஷத்தை நான் பட்டறையில் எந்த வேலை முடித்தும் அனுபவித்ததில்லை. கெட்ட காற்று மேலே வருகிறது என்றால் நல்ல காற்று கீழே போகிறது.

தூசிக்குள் ஒன்றும் தெரியவில்லை. மல்லிகா சக்கரத்தைப் பிடித்தபடி நின்றாள். சம்பந்தம் வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றார். காத்திருப்பதைவிடக் கஷ்டமான வேலை இந்தத் தொழிலில் கிடையாது. கொஞ்சம் கலைந்தபோது பார்த்தோம். ஏழுமலை கல்லிலிருந்து சரிந்து கிடந்தார். கால் அசைந்தது. பிறகு தவழ்ந்து, தொட்டியைத் தொட்டுத் தடவி, அதன் விளிம்பில் முகத்தை வைத்துக்கொண்டார்.

நன்றாகக் காற்று ஓடட்டும் என்று விட்டுவைத்து, பிறகு சம்பந்தத்தின் இடுப்பில் கயிறு கட்டி அனுப்பினேன். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. இரண்டு பேரும் மேலே வந்து சேர்ந்தார்கள். ஏழுமலை வேப்பமரத்து நிழலில் படுத்து வாந்தி எடுத்தார், தண்ணீர் கேட்டார், குடித்தார், மறுபடி எடுத்தார். மல்லிகா அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் திட்டைக் கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் லேசாகிக்கொண்டே வந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார் என்று நிச்சயமாகத் தெரிந்தால்தானே அப்படித் திட்ட வரும்.

தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "யாருணா மூச்ச அடச்சது?"

"நான்தான்" என்றேன்.

"நல்லா அடச்சிருக்கீங்க" என்றார்.

சம்பந்தம்தான் முதலில் சிரித்தார். அப்புறம் மல்லிகா, அழுகையும் சிரிப்புமாக. நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று சொல்லிவைத்தேன்.

அன்றைக்கு முதல் துளை போடவில்லை. டிரில்லைத் திரும்ப எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "அவனும் தமிழ்ல தான் சொன்னான், நாமளும் தமிழ்ல தான் கேட்டோம். அப்புறம் எப்பிடிடா?" என்றார்.

மறுநாள் சம்பந்தம் வந்தார். "பழையபடி ஒழுக வெச்சே குடுத்துடுங்க. அவன் உயிரு முக்கியம்" என்றார். மாட்டேன் என்றேன். அவருக்குக் கோபம். உங்களில் சிலருக்கும் இப்போது அப்படித்தான் தோன்றும், ஒழுகல் இருந்தால்தானே நல்லது என்று. இல்லை. அந்த ஒழுகல் கொஞ்ச நாளாகவே குறைந்துபோயிருந்தது என்று மல்லிகா சொன்னாளே, அவருக்குத் தலைவலி வந்ததே. எண்ணெய்ப் பிசுக்கும் பாறை மாவும் சேர்ந்து அதைத் தானாகவே அடைத்துக்கொண்டிருந்தன. இன்னும் சில நாளில் நான் அடைக்காமலே அது அடைந்திருக்கும், அன்றைக்கு நான் அங்கே இருந்திருக்க மாட்டேன். தேய்ந்த துளையை நம்பி ஒரு மனிதரைக் கிணற்றில் உட்கார வைக்கக் கூடாது.

டிரில்லை அடைத்தபடியே வைத்தேன். அதற்குக் காற்று கொண்டுபோகும் ரப்பர் குழாயின் முனையில் ஒரு கிளை வைத்து, அதில் சின்னதாக ஒரு பித்தளைக் குழாயைப் பூட்டினேன். திருப்பினால் காற்று வரும், மூடினால் நிற்கும். பாறையை அடிக்கிற காற்று தனி, ஆள் சுவாசிக்கிற காற்று தனி. அதற்குப் பிறகு கிணறு வெட்டுகிற எந்த வண்டி எங்களிடம் வந்தாலும், பிரிப்பதற்கு முன்னால், டிரில் பிடிக்கிற ஆளைக் கூட்டிவரச் சொல்லிக் கேட்போம்: "மூச்ச அடைக்கணுமா, வுடணுமா?" வண்டிக்காரர்கள் எங்களைப் பைத்தியம் என்றார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

நீங்கள் இப்போது பார்க்கிற கிரைண்டருக்கும் ரெஞ்சுக்கும் கிணறு கிடையாது, எனக்குத் தெரியும். ஆனால் ஒழுகல் என்பது யாரும் வைக்காமல் திறந்துகொண்ட குழாய். அதன் எதிரில் யாராவது உட்கார்ந்திருக்கலாம். அடைக்கத்தான் வேண்டும், சந்தேகமே இல்லை. அதற்கு முன்னால் அந்தக் காற்று எங்கே போகிறது, யாருக்குப் போகிறது என்று கேட்டுவிடுங்கள்.

டிரில்லும் பித்தளைக் குழாய் வைத்த ரப்பர் குழாயுமாக மறுபடியும் அந்தக் கிணற்றுக்குப் போனேன், முதல் துளை பார்க்க. ஏழுமலை தேறியிருந்தார். பித்தளைக் குழாய் திறந்தபடி டிரில் முன்னால் இறங்கியது. அவர் வழக்கம்போல வரப்பில் உட்கார்ந்து டீ குடித்தார். பிறகு இறங்கினார். மல்லிகா எனக்கும் டீ கொடுத்தாள். கையில் வைத்துக்கொண்டே நின்றேன். கம்ப்ரசரின் காற்றுத் தொட்டி நிறைந்து என்ஜின் சத்தம் தணிகிற இடைவெளிக்காக அவள் காத்திருந்தாள். தணிந்ததும் கிணற்றுக்குள் குனிந்து கத்தினாள்.

"மூச்சு வருதா?"

பதில் இல்லை. மறுபடியும் கத்தினாள். சம்பந்தம் எழுந்து நின்றார்.

கிணற்றின் அடியிலிருந்து எரிச்சலோடு குரல் வந்தது: "வருது, வருது! கத்தாத!"

டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. அவ்வளவு நல்ல டீயை அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை.